மலையிலிருந்து வந்த மழைச் செய்தி

கம்பம் பள்ளத்தாக்கில் வானம் பார்ப்பவர்கள் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. மலையைத்தான் பார்ப்பார்கள். மேற்கே ஏலத்தோட்டங்கள் இருக்கும் மலை, கிழக்கே மேகமலை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற வானம் எங்களுடையது என்றாலும், அதன் பேச்சை யாரும் நம்புவது கிடையாது. உச்சந்தலையில் தூறல் விழுந்த பிறகும், "மலை வெளுத்துக் கெடக்கே, இது நிக்காது" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போகிறவர்களைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு நாளிதழின் நிருபர். தேனியில் இருந்துகொண்டு, கொலை, விபத்து, குறைதீர்க்கும் கூட்டம் போக மிச்ச இடத்துக்கு மழையும் வெயிலும் எழுதுகிறேன். மழைச் செய்தி எழுத வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்பது இந்தத் தொழிலில் நான் சீக்கிரமே கற்றுக்கொண்டது. மழை என்றால் 'வெளுத்து வாங்கியது'. தண்ணீர் என்றால் 'தாழ்வான பகுதிகளில் தேங்கியது'. கடைசி வரி 'பொதுமக்கள், விவசாயிகள் மகிழ்ச்சி'. எந்த விவசாயி என்று மதுரையில் இருக்கும் டெஸ்க் இதுவரை கேட்டதில்லை. நெல்காரர் மழையில் சிரிக்கிற அதே நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு அந்தச் செய்தியில் இடமில்லை. 'குடை பிடித்துச் செல்லும் மாணவிகள்' என்று படம் கேட்பார்கள். என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. அதில் இருக்கிற மாணவிகளில் சிலருக்கு இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

வானிலை அறிவிப்பையும் குறை சொல்வதற்கில்லை. 'ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்' என்பது மனிதன் இதுவரை எழுதியதிலேயே பழுதில்லாத வாக்கியம். எங்கேயாவது ஓரிரு இடம் இருக்கத்தான் செய்யும்.

எங்கள் ஊர்ப் பருவங்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதுவதைப் படித்தால் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு ஆனியும் ஆடியும் சாரல், குளுமை, அருவி. எங்களுக்குக் காற்று. மழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டும். அதன் காற்று மட்டும் கணவாய் வழியாக இறங்கி, வாழையைச் சாய்த்து, ஜவுளிக்கடை பிளக்ஸைக் கிழித்து, கண்ணில் மண்ணைப் போட்டுவிட்டு ஆண்டிபட்டிப் பக்கம் போகும். மேகம் மேற்கு மலை முகட்டில் வரிசையாக நிற்கும், செக்போஸ்டில் லாரிகளை நிறுத்தி வைத்தது போல. கூடலூருக்கும் கம்பத்துக்கும் கொஞ்சம் சாரல் கசியும். தேனிக்கு அதுவும் இல்லை. ஆனாலும் டீக்கடையில் எல்லோர் வாயிலும் மலைமேல் இருக்கிற அணையின் நீர்மட்டம் அடிக்கணக்கில் இருக்கும். சொந்த வீட்டுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாதவர்கள்கூட அதைத் தசம புள்ளியோடு சொல்வார்கள்.

எங்களுக்கான மழை ஐப்பசியில் வரும். அது கிழக்கிலிருந்து வரும். அப்போதும் நாங்கள் மேற்கைப் பார்த்துக்கொண்டு நிற்போம், அது முதுகில் அடிக்கும். மார்கழியில் போடிக்காரர்கள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, கொடைக்கானலுக்கே தங்கள் ஊரிலிருந்துதான் குளிர் போகிறது என்பது போல நடப்பார்கள். மாசியில் வானம் கழுவி வைத்தது போல இருக்கும். காலையில் கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று நிற்கிற மலை, மதியத்துக்குள் வெக்கையில் கரைந்து காணாமல் போகும். சித்திரை வந்ததும் ஆளாளுக்கு ஜோசியராகிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் மலை முகட்டில் மேகம் முளைத்து, இடி இடித்து, தார்ச்சாலைக்கு ஒரு பக்கம் நனைத்துவிட்டு மறு பக்கத்தைத் தொடாமல் போகிற மாதம் அது. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள்.

அப்படி ஒரு சித்திரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ஊர். பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள், முக்கால்வாசி திராட்சைத் தோட்டம். ஞாயிறு பூசையில் சாமியார் மழைக்காக ஜெபிப்பதை அங்கேதான் கவனித்தேன். முன் பெஞ்சில் நெல்லும் வாழையும் வைத்திருப்பவர்கள், பின்னால் பழுத்த திராட்சை வைத்திருப்பவர்கள். சாமியார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏற்ற காலத்தில், ஏற்ற அளவில், ஏற்ற இடத்தில் மழையைத் தந்தருளும்" என்றார். வானிலை மையத்தில் வேலை செய்ய வேண்டியவர்.

அக்காவின் பந்தலில் பன்னீர் திராட்சை கறுக்கத் தொடங்கியிருந்தது. கறுத்தால் போதாது, இனிப்பு ஏற வேண்டும். அதற்கு இன்னும் ஒரு வாரம் வெயில் வேண்டும். அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு நல்ல மழை விழுந்தால் பழம் வெடித்து, ஈ மொய்த்து, கொத்தோடு அழுகும். அதற்கு முந்தைய காய்ப்பை ஐப்பசி மழையும் செவட்டை நோயும் சேர்ந்து தின்றிருந்தன. அப்போதே மச்சான் சொல்லிவிட்டார், இந்த முறையும் போனால் கொடியைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைக்கப் போவதாக. கவாத்து வெட்டுவது, கொடியை இழுத்துக் கட்டுவது, மருந்து அடிப்பது எல்லாம் அக்காதான். மச்சானின் இலாகா வானம்.

அன்று சாயங்காலம் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். மச்சான் மேகமலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மாப்ள, அங்கன பாரு. கறுக்குது."

"அது நிழல் மச்சான். சூரியன் இந்தப் பக்கம் எறங்குது."

"பேப்பர்ல எழுதுறவன்தானே நீ. மழையப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று போனை எடுத்தார்.

இது எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கம். மலைக்குப் போன் போடுவது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலே ஏலத்தோட்டத்தில் ஓர் ஆள் இருப்பார். ஜீப்பில் தினமும் போய் வருகிறவரோ, அங்கேயே தங்கிவிட்டவரோ. வானத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் அவருக்கு அதிகம் தெரியும் என்று நம்பிக்கை. மச்சானுக்கு அவருடைய சித்தப்பா மகன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே, அங்கன மழை எறங்குதா?"

"இல்லண்ணே. மஞ்சு மூடிக் கெடக்கு. எதுத்தாப்புல நிக்கிறவன் மூஞ்சி தெரியல." மூடுபனியை மலையில் மஞ்சு என்பார்கள்.

"மஞ்சுக்குப் பின்னாடி கருமேகம் நிக்குதா?"

"பின்னாடி நிக்கிறது எப்படிண்ணே தெரியும்?"

"மேல இருந்துக்கிட்டு என்னத்தலே பாக்குற? இங்கன கெழக்க கறுத்துக்கிட்டு வருது. இன்னைக்கு விட்டாலும் நாளைக்குச் சாயங்காலம் போட்டுச் சாத்திரும் போல. காத்து அடிக்கிற தினுசப் பாத்தா ஆலங்கட்டியே விழும்னு தோணுது. பழம் அம்புட்டும் போச்சு."

"ஆலங்கட்டியாண்ணே?" மலையில் குரல் தாழ்ந்தது. "சரிண்ணே. பாத்து இருந்துக்கங்க."

போனை வைத்துவிட்டு மச்சான் திருப்தியாக என்னைப் பார்த்தார். மேலிடத்தில் விசாரித்துவிட்ட முகம். விசாரணையில் பனியைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அன்று அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மச்சானின் போன் கூவியது. திராட்சை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு. யாரோ ஒருவரின் குரல், கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் போல: "திராட்சை விவசாயிகளுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. மலையிலருந்து உறுதியான தகவல் வந்திருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் நம்ம பகுதியில ஆலங்கட்டி மழை. பழம் வச்சிருக்கவுக தயவுசெஞ்சு தாமதிக்க வேணாம்." கீழே கும்பிடும் கைகள். அதற்கும் கீழே ஒரு படம். தெருவெல்லாம் ஆலங்கட்டி குவிந்து கிடந்தது. ஓரத்தில் நின்ற காரின் எண் பலகையில் எனக்குத் தெரியாத எழுத்து. பின்னால் ஒருவர் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். சித்திரை மாதத்துக் கம்பத்தில் கோட்டு.

மச்சான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "பாத்தியா மாப்ள? நான் நேத்தே சொன்னேன்ல? இப்ப மலையிலயே சொல்லிட்டாக!"

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "யாரு சொன்னாக?"

"மலையில."

"மலையில யாரு?"

"மலையிலன்னா மலையிலதான். வெட்டிருவோம். பாதி வெலைக்காவது போகும்."

"புளிக்கிற பழத்தையா? நாக்குல வைக்க முடியல. இத வெட்டுனா ஜூஸுக்குக்கூட வாங்க மாட்டாக. இந்த வெட்டும் போச்சுன்னா நீங்க கொடியில கை வச்சிருவீக. எனக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ பேப்பர்காரன்தானே? எவன் சொன்னான்னு கேளு."

இருபது வருடத்துத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. குழுவில் பேசியவரைப் பிடித்தேன். கம்பத்தில் உரக்கடை வைத்திருப்பவர். "சார், தகவல் நூத்துக்கு நூறு. டீக்கடையில ஜீப் டிரைவர் சொன்னாப்ல. மலையிலருந்து நேரா வந்தவரு." ஜீப் டிரைவரின் எண்ணை வாங்கி அடித்தேன். வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, ஹாரனுக்கு நடுவே பேசினார். "நம்ம சூப்பர்வைசர்தான்ணே சொன்னாரு. ஆள் எறங்கும்போது, 'ஏப்பா, கீழ ஆலங்கட்டி விழப்போகுதாம், பாத்து ஓட்டு'ன்னாரு." எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார்.

அந்த எண் மச்சானின் போனிலேயே இருந்தது. என் போனிலிருந்து அடித்து, யார் என்று சொல்லிக் கேட்டேன்.

"ஆமாண்ணே, நான்தான் சொன்னேன். ஒரு எச்சரிக்கைக்கு. எங்க அண்ணன் கீழருந்து போன் பண்ணுனாக. அவுக வானத்த நல்லாப் பாப்பாக."

"எந்த அண்ணன்?"

"ஒங்க மச்சான்தாண்ணே."

தகவல் ஒரு சாயங்காலம் மலையேறி, காலை ஜீப்பில் இறங்கி, டீக்கடையில் ஒரு வடை தின்று, உரக்கடை வழியாகப் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தது. வழியில் அதற்குப் பதவி உயர்வு மட்டும் கிடைத்திருந்தது. போகும்போது மச்சானின் பயம், வரும்போது மலையின் உறுதியான தகவல்.

மச்சானிடம் சொன்னேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விடவில்லை.

"சரி. நான் சொன்னேன். ஆனா அவன் மேல இருந்து ஒரு தடவ பாத்துட்டுத்தானே டிரைவர்ட்ட சொல்லியிருப்பான்? அப்ப அவனும் ஒத்துக்கிட்டான்ல?"

"அவருக்குப் பனியில மூக்கு நுனிகூடத் தெரியல மச்சான்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க பயந்தத நீங்களே கேட்டுட்டு நீங்களே பயப்படுறீக."

குழுவில் இதைச் சொல்லிவிடலாம் என்றேன். மச்சான் பதறினார். "அடேய், நான்தான் ஆரம்பிச்சேன்னு ஆயிராதா? நாளைக்கு ஊருக்குள்ள எப்படி நடமாட?" சரி என்று அவர் பெயரை விட்டுவிட்டு, அவர் போனிலிருந்து என் குரலிலேயே பேசி அனுப்பினேன்: இன்ன பத்திரிகைக்காரன் பேசுகிறேன், விசாரித்ததில் இந்தத் தகவலுக்கு ஆதாரம் இல்லை. உடனே பதில் வந்தது: "நிருபர் சார், ஆலங்கட்டி விழுந்தா நட்டத்துக்கு நீங்க பொறுப்பா?" அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். ஆதாரம் இல்லாமல் சொன்ன உரக்கடைக்காரரிடம், விழாவிட்டால் நீங்கள் பொறுப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திராட்சை வியாபாரி ஒருவர் எழுதினார்: "விவசாயிகளின் பாதுகாப்பே முக்கியம். பழம் எடுக்க வண்டி தயார்." விலையைப் பற்றி எழுதவில்லை. தோட்டத்துக்கு வந்து, பழத்தை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துவிட்டுச் சொல்வார்.

நான் போனில் இருந்த நேரத்தில் மச்சான் இன்னொரு முடிவுக்கு வந்திருந்தார். ஊரே வெட்டும்போது தான் மட்டும் வெட்டாமல் இருந்தால், விழுந்த பிறகு ஊர் சிரிக்கும். ஊரோடு சேர்ந்து நட்டப்பட்டால் சிரிக்க ஆள் இருக்காது. இந்தக் கணக்கு அக்காவுக்குப் பிடிபடவில்லை. அவர் வெட்டுக்கு ஆள் கூட்டி வரும் அம்மாளுக்குப் போன் போட்டார்.

"ஆத்தா, ஒரு பத்துப் பேரக் கூட்டியா."

"நல்லாக் கேட்டீக போங்க. ஆலங்கட்டியாம்ல? காலையிலருந்து போன் மேல போன். இருந்த ஆளையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாக. என் மருமகளையே கூட்டிட்டுப் போயிட்டாக. நீங்க இப்பத்தேன் முழிச்சீகளா?"

தான் கிளப்பிய மழைக்குத் தன் தோட்டத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காத ஒரே விவசாயியாக மச்சான் நின்றார். கத்தரியை எடுத்துக்கொண்டு தனியாகவே பந்தலுக்குள் போனார். திராட்சை வெட்டுவது தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்கிற வேலை. வானத்தைப் பார்த்துப் பழகிய கழுத்து என்பதால் தாங்கும் என்று நினைத்தேன். நாலைந்து கொத்துக்குப் பிறகு வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்து, ஒரு பழத்தை வாயில் போட்டு, ஒரு கண்ணை மூடினார்.

"புளிக்குதா?" என்றாள் அக்கா.

"லேசா."

மதியத்துக்குப் பிறகு நடந்ததை நான் கேலி செய்ய முடியாது. மேகமலை முகட்டில் ஒரு வெள்ளை மேகம் முளைத்தது. முதலில் கைக்குட்டை அளவு. அது பக்கவாட்டில் பரவாமல் மேலே மேலே ஏறியது. தலை தட்டையாகி விரிந்து அடிப்பாகம் சிலேட்டு நிறத்துக்கு வந்தபோது, காற்று நின்றுவிட்டது. இலை அசையவில்லை. பிறகு கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு வீச்சாக வந்தது, ஈர மண் வாசனையோடு. சுற்றிலும் எல்லாத் தோட்டங்களிலும் பெட்டிகளை ஏற்றுகிற சத்தம், ஆட்களை விரட்டுகிற சத்தம். எங்கள் பந்தலில் மட்டும் பழம் முழுக்கத் தொங்கியது.

ஆச்சரியமாக, மச்சான் மலைக்குப் போன் போடவில்லை. அக்கா பந்தலுக்கு நடுவில் போய் நின்றாள். அதுவரை அவளிடம் நான் பயத்தைப் பார்க்கவில்லை. இப்போது ஒரு கொடியின் அடித்தண்டைப் பிடித்திருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் கம்பியைப் பிடிப்பது போல. இடி மலையிலிருந்து உருண்டு வந்தது. இலைமேல் பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது. ஒவ்வொரு துளியின் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. தகவலுக்கு ஆதாரமில்லை என்று நிரூபித்த ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தான். மேகத்துக்கு அந்த விசாரணை முடிவைப் பற்றி எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

துளிகள் கூடவில்லை. பந்தலின் கீழே மண் நனையும் முன்பே காற்று திரும்பியது. மேகம் மெதுவாக வடக்கே நகர்ந்து சின்னமனூர்ப் பக்கம் போய், அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு திரையாக இறங்கியது. ஆலங்கட்டி எங்கேயும் விழவில்லை. அக்கா தண்டை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். பட்டைத்தூள் ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்தாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டலையே இன்னும்" என்று வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அதற்குப் பிறகு வானம் கண்ணாடி. வெயில் கொளுத்தியது. அவசரப்பட்டு வெட்டியவர்களின் பழம் கேட்ட விலைக்குப் போனது. கேட்டது வியாபாரி. பாதியை இறக்கிய இடத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். நான் இதை ஒரு செய்தியாக எழுதினேன்: மழை வதந்தியால் பழுக்காத திராட்சை அறுவடை, விவசாயிகள் நட்டம். டெஸ்கில் இருந்து பேசினார்கள்.

"அண்ணே, மழை பெஞ்சுச்சா?"

"பெய்யல. அதுதான் செய்தி."

"பெய்யாததுக்கு எப்படிண்ணே படம் போடுறது?"

சின்னமனூர் மழையை ஒரு பத்தியாகப் போட்டார்கள். விவசாயிகள் மகிழ்ச்சி.

ஒரு வாரம் கழித்து அக்காவின் தோட்டத்தில் வெட்டு. கொத்தெல்லாம் கறுத்து, வெள்ளைப்பூச்சு படிந்து, ஒன்றை வாயில் போட்டால் பன்னீர் வாசனை மூக்குக்கு ஏறியது. ஊரில் பழுத்த பழம் வேறு யாரிடமும் அதிகம் இல்லாததால் வியாபாரிகள் வரப்பில் காத்திருந்தார்கள். அந்த ஆத்தா பதினைந்து பேரோடு வந்திருந்தார். மச்சான் தோட்டத்து வாசலில் நின்று, வருவோர் போவோரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஊரே வெட்டுச்சு, நீங்க அசையலையே, எப்படி?" என்று கேட்டார் ஒருவர்.

"மேகம் நின்ன தினுசு எனக்குத் தெரியும்ல" என்றார் மச்சான். "அது சின்னமனூருக்குப் போற மேகம்." என் பக்கம் திரும்பவில்லை.

கேட்டவர் தலையாட்டினார். அவரும் அன்று வெட்டிவிட்டவர்தான். "இனிமே நீங்க சொல்லாம நாங்க கத்தரிய எடுக்கல. குழுவுல தினமும் ஒரு வார்த்த போட்டு விடுங்க."

மச்சான் போனை எடுத்து, குழுவுக்குப் பேசிப் பதிவு செய்யப் பொத்தானை அழுத்தினார். தொண்டையைச் செருமினார். கிழக்கே ஒரு பார்வை, மேற்கே ஒரு பார்வை. "திராட்சை விவசாயிகளுக்கு வணக்கம்" என்று தொடங்கியபோது பின்னாலிருந்து அக்கா வந்தாள். இரண்டு கையிலும் நிறைந்த பெட்டி, அதன் விளிம்பில் மோவாயை ஊன்றியிருந்தாள்.

"வானம் எங்கயும் போயிராது. இதப் பிடிங்க, வண்டிக்காரன் நிக்கிறான்."

மச்சான் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பெட்டியை வாங்கினார். கனமாக இருந்தது போல, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். அணைக்க மறந்த போன் பையிலிருந்தபடியே, செருப்புச் சத்தத்தையும் மூச்சிரைப்பையும் பதிவு செய்துகொண்டு போனது. அக்கா அதைக் கவனித்தாள். அடுத்த பெட்டிக்காகப் பந்தலுக்குள் குனிந்து போனாள்.